மாற்றுத் திறனாளிகளுக்கான கார் நிறுத்துமிடம்: ஈப்போ சாலையோரத்தில் யாருக்கு எந்த இடம்?

சுங்கை சிப்புட்டிலிருந்து ஈப்போவுக்குச் சுமார் 30 கிலோமீட்டர். சொந்தக் கார் இருந்தால் அந்தத் தூரம் பெரிய சிரமமில்லை. ஆனால், நீரிழிவு நோயால் ஒரு காலை இழந்த தந்தையை அழைத்து வரும் மகனுக்கு, ஈப்போவுக்குள் வந்த பிறகுதான் சிரமம் தொடங்குகிறது. காரிலிருந்து கடை வாசல் வரை உள்ள கடைசி 30 மீட்டரைக் கடப்பது எப்படி? சாலையோரக் கட்டங்கள் நிறைந்திருக்கின்றன. சக்கர நாற்காலிச் சின்னம் வரைந்த கட்டம் ஒன்று இருந்தாலும், அதில் வேறொருவரின் கார் நிற்கிறது. இரண்டு மூன்று சுற்றுச் சுற்றிவிட்டு, வந்த வேலையை முடிக்காமலேயே வீடு திரும்பும் குடும்பங்கள் உண்டு.

அதே சாலையில் கடை நடத்துபவருக்கு வேறொரு கவலை. கடைக்கு முன்னால் இருப்பதே சில கட்டங்கள்தான். அவற்றில் ஒன்றை ஒதுக்கிவிட்டால், அது பாதி நாள் காலியாகக் கிடக்குமே, வாடிக்கையாளர் வேறு கடைக்குப் போய்விடுவாரே என்று அவர் நினைக்கிறார். கட்டணம் வசூலிக்கும் ஊராட்சி மன்றத்துக்கோ வருமானமும் வேண்டும், வாகன நெரிசலும் குறைய வேண்டும்.

இம்மூன்று தரப்பின் தேவைகளும் நியாயமானவை. அவற்றை இணைத்துப் பார்க்க ஒரு வழி உண்டு. மாற்றுத் திறனாளிகள் அனைவரின் தேவையும் ஒன்றல்ல என்பதைப் புரிந்துகொள்வதே அதன் முதல் படி.

தோட்டத்து மக்களுக்கு இது ஏன் முக்கியம்?

பேராக் மாநிலத்தின் ரப்பர் தோட்டங்களில் வேலை, வீடு, கோயில், தமிழ்ப்பள்ளி, சிறிய மருந்தகம் ஆகிய அனைத்தும் நடந்து போகும் தூரத்தில் இருந்தன. நாடு விடுதலை அடைந்த காலத்தில் பெரிய தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்டன. அந்தச் சூழலில் தொழிலாளர்கள் தாங்களே தோட்டங்களை வாங்க வேண்டும் என்று துன் வீ. தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். அவர் சுங்கை சிப்புட்டின் நாடாளுமன்ற உறுப்பினர். பின்னர் பல தோட்டங்களில் ரப்பர் போய் செம்பனை வந்தது. சில தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாக மாறின. இளையோர் வேலை தேடி நகரங்களுக்குச் சென்றனர். முதியோரில் பலர் பழைய தோட்டப் பகுதிகளிலோ அவற்றை ஒட்டிய தாமான்களிலோ தங்கிவிட்டனர்.

தோட்டத்தில் நடந்தே கிடைத்த பல சேவைகளுக்கு இன்று ஈப்போவுக்கு வர வேண்டியுள்ளது. சிறப்பு மருத்துவரைப் பார்க்க ராஜா பெர்மைசூரி பைனுன் மருத்துவமனை, பொருள் வாங்க லிட்டில் இந்தியா, இவை தவிர வங்கி, அரசு அலுவலகம், செயற்கைக் கால் செய்யும் இடம் எனப் பட்டியல் நீள்கிறது. உட்பகுதித் தோட்டங்களில் இருப்பவர்களுக்குப் பேருந்து எளிதில் கிடைப்பதில்லை. கிடைத்தாலும் சக்கர நாற்காலியோடு ஏறுவது கடினம். ஆகவே மகனின் காரோ, உறவினரின் காரோ, பக்கத்து வீட்டுக்காரரின் காரோதான் துணை.

இதோடு நோயும் சேர்ந்துகொள்கிறது. சுகாதார அமைச்சின் 2015-ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வின்படி, நாட்டில் பெரியவர்களில் 17.5 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இந்தியர்களிடையே அது 22.1 விழுக்காடு, எல்லா இனத்தவரையும்விட அதிகம். 2019 ஆய்வில் நாட்டின் மொத்த அளவு 18.3 விழுக்காட்டை எட்டியது. நீரிழிவு முற்றும்போது ஆறாத புண், விரல் அல்லது கால் நீக்கம், பக்கவாதம், பார்வைக் குறைவு, சிறுநீரகச் செயலிழப்பு ஆகியவை வரக்கூடும். நடமாட்டத்தை முடக்கும் நோய் நம் சமூகத்தில் கூடுதலாக இருப்பதால், நிறுத்துமிடப் பிரச்சினையும் நம் வீட்டு வாசலுக்கே வந்துவிடுகிறது.

அதே 2019 ஆய்வு, 18 வயதுக்கு மேற்பட்டோரில் 11.1 விழுக்காட்டினருக்கு ஏதாவது ஒரு வகை உடல் அல்லது மனச் செயல்குறை இருப்பதாகக் காட்டியது. ஆனால் 2023-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் சமூகநல இலாகாவில் பதிந்திருந்தவர்கள் 6 இலட்சத்துச் சொச்சம் பேர். மக்கள்தொகையில் சுமார் 2 விழுக்காடு. உரிமை உள்ள பலர் பதிந்துகொள்ளவே இல்லை என்பதை இந்த இடைவெளி காட்டுகிறது.

சட்டம் என்ன சொல்கிறது?

மலேசியாவில் 2008-ஆம் ஆண்டு மாற்றுத் திறனாளிகள் சட்டம், அதாவது சட்டம் 685, அவ்வாண்டு ஜூலை 7-ஆம் தேதி நடைமுறைக்கு வந்தது. பொதுமக்களுக்கான வசதிகள், சேவைகள், கட்டடங்கள் ஆகியவற்றை மற்றவர்களுக்குச் சமமாகப் பயன்படுத்தும் உரிமை மாற்றுத் திறனாளிகளுக்கு உண்டு என்று அதன் 26-ஆவது பிரிவு கூறுகிறது. மாற்றுத் திறனாளிகளின் உரிமைகள் குறித்த ஐக்கிய நாடுகளின் ஒப்பந்தத்தை மலேசியா 2010 ஜூலையில் உறுதிப்படுத்தியது. அணுகல் வசதி குறித்துப் பேசும் அதன் 9-ஆவது விதி சாலைகளையும் உள்ளடக்குகிறது.

ஆனால், சட்டம் 685-இல் ஒரு பெரிய குறை உண்டு. உரிமையை மதிக்காதவருக்கு அதில் தண்டனை எதுவும் இல்லை. அரசுக்கு எதிராக வழக்குத் தொடுப்பதையும் அது கட்டுப்படுத்துகிறது. எனவே, ஒதுக்கப்பட்ட கட்டத்தில் கார் நிறுத்தியவரை இந்தச் சட்டத்தின் கீழ் நேரடியாகத் தண்டிக்க முடியாது.

நடைமுறை அதிகாரம் ஊராட்சி மன்றங்களிடம் இருக்கிறது. 1987-ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் கீழ், நிறுத்துமிடங்களை ஏற்படுத்தவும் கட்டணம் நிர்ணயிக்கவும் ஒவ்வொரு மன்றமும் தன் பகுதிக்கு உத்தரவு வெளியிடுகிறது. அந்த உத்தரவை மீறுபவருக்கு அபராதம், சக்கரப் பூட்டு, வாகனத்தை இழுத்துச் செல்லுதல் போன்ற நடவடிக்கைகள் மன்றத்துக்கு மன்றம் வேறுபடும். போக்குவரத்துக்கு இடையூறாக நிறுத்துபவர்மீது அதே சட்டத்தின் 48-ஆவது பிரிவும் பாயலாம்.

கட்டடங்களுக்கு வேறு விதி உண்டு. 1984 சீரான கட்டட துணைச் சட்டங்களின் 34ஏ விதி, மாற்றுத் திறனாளிகள் உள்ளே வந்து பயன்படுத்தக்கூடிய வசதிகளைக் கட்டடங்களில் அமைக்கச் சொல்கிறது. புதிய பேரங்காடிகளில் அகலமான கட்டங்களும் சாய்தளமும் இருப்பதற்கு அது ஒரு காரணம். நூறு ஆண்டு பழைமையான கடைவீட்டு வரிசையின் முன் உள்ள சாலையில் அந்த விதி எட்டும் தூரம் குறைவு.

இங்கே கவனிக்க வேண்டிய மற்றொன்று உண்டு. ஈப்போ நகரம் ஈப்போ மாநகர் மன்றத்தின் கீழும், சுங்கை சிப்புட் கோலகங்சார் நகராண்மைக் கழகத்தின் கீழும், பத்து காஜா தனியொரு மாவட்ட மன்றத்தின் கீழும் வருகின்றன. தோட்டத்திலிருந்து ஈப்போவுக்கு வரும் குடும்பம் அரை மணி நேரத்தில் ஒரு மன்றத்தின் எல்லையைக் கடந்து இன்னொன்றுக்குள் நுழைகிறது. கட்டணச் சலுகை எதுவாயினும், கொடுத்த மன்றத்தின் எல்லைக்குள்தான் அது செல்லும் என்று எடுத்துக்கொள்வதே பாதுகாப்பு. வேறு ஊரில் அதை நம்பி நிறுத்தினால் சம்மன் வரலாம்.

சாலையோரக் கட்டத்துக்கு ஏன் கட்டணம்?

கட்டணம் மன்றத்தின் வருமானத்துக்காக மட்டும் என்று பலர் நினைப்பதுண்டு. அதற்கு வேறொரு பயனும் இருக்கிறது. இலவசமாக விட்டால், காலையில் முதலில் வருபவர் நாள் முழுதும் காரை அங்கேயே விட்டுவிடுவார். மணிக்கணக்கில் கட்டணம் இருந்தால் வேலை முடிந்ததும் நகர்வார். அடுத்தவருக்கு இடம் கிடைக்கும்.

இத்துறையில் பெரிதும் பேசப்பட்டவர் அமெரிக்கப் பேராசிரியர் டொனால்டு ஷூப். அவர் 2005-இல் வெளியிட்ட நூலில், ஒரு சாலையோர வரிசையில் சுமார் 85 விழுக்காடு நிறைந்து, ஒன்றிரண்டு கட்டங்கள் எப்போதும் காலியாக இருக்கும் வகையில் கட்டணம் அமைய வேண்டும் என்று வாதிட்டார். சான் பிரான்சிஸ்கோ நகரம் 2011 முதல் இந்த முறையைச் சோதித்துப் பார்த்தது.

இதை ஒரு சிறு கணக்காகப் பார்க்கலாம். கடைவீட்டு வரிசையின் முன் 20 கட்டங்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு காரும் ஒரு மணி நேரம் நின்றால், எட்டு மணி நேரத்தில் 160 கார்கள் வந்து போகலாம். மாற்றுத் திறனாளிகளுக்கு ஒரு கட்டத்தை ஒதுக்கி, அது நாள் முழுதும் காலியாகவே கிடந்தாலும் இழப்பு எட்டு வருகைகள்தான். அதே வரிசையில் கடை முதலாளியும் இரு பணியாளர்களும் தங்கள் கார்களை நாள் முழுதும் நிறுத்தினால் இழப்பு 24 வருகைகள். வாடிக்கையாளரை விரட்டுவது ஒதுக்கப்பட்ட கட்டமா, நாள் முழுதும் நகராத கார்களா என்பதைக் கடைக்காரர்களே கணக்கிட்டுப் பார்க்கலாம்.

ஒரே சின்னம், மூன்று தேவைகள்

சக்கர நாற்காலிச் சின்னம் ஒன்றுதான். ஆனால் அந்தக் கட்டத்தைத் தேடி வருபவர்களின் தேவைகளைக் குறைந்தது மூன்றாகப் பிரிக்கலாம்.

முதலாமவர், சக்கர நாற்காலியில் இருந்துகொண்டே தாமே காரோட்டுபவர். கையால் இயக்கும் பிரேக்கும் எண்ணெய்க் கட்டுப்பாடும் பொருத்திய கார் இவருடையது. இவரை வாசலில் இறக்கிவிட்டுக் காரை வேறிடத்தில் நிறுத்த ஆளில்லை. கதவை முழுதாகத் திறந்து, நாற்காலியை வெளியே எடுத்து, பக்கத்தில் வைத்து, அதற்கு மாறி உட்கார இடம் வேண்டும். வழக்கமான கட்டத்தில் இவரால் இறங்கவே முடியாது. இறங்கினாலும், திரும்பி வரும்போது பக்கத்தில் ஒட்டி நிற்கும் கார் இவரை வெளியிலேயே நிறுத்திவிடும். அகலமான கட்டத்துக்கு இவருக்கு மாற்று வழி கிடையாது.

இரண்டாமவர், பிறர் ஓட்டும் காரில் வருபவர். தோட்டப் பகுதிகளிலிருந்து வரும் முதியோரில் பெரும்பாலோர் இவ்வகையினர். இவருக்கு வாசலுக்கு அருகே, அவசரமில்லாமல் இறங்க இடம் வேண்டும். உடன் இருவர் வந்திருந்தால் ஒருவர் துணையிருக்க, மற்றவர் காரைத் தொலைவில் நிறுத்திவிட்டு வரலாம். ஓட்டுநர் மட்டுமே துணை என்றால், முதியவரை அஞ்சடியில் தனியே விட்டுவிட்டுப் போக முடியாது. அப்போது வேலை முடியும் வரை கார் அருகிலேயே நிற்க வேண்டும். பெரும்பாலும் அது ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும்.

மூன்றாமவர், நடக்கக்கூடியவர், ஆனால் நெடுந்தூரம் முடியாதவர். ஊன்றுகோலோடு நடப்பவர், இதயம் அல்லது நுரையீரல் நோயாளி, இரத்தச் சுத்திகரிப்பு முடித்து வருபவர் ஆகியோர் இதில் அடங்குவர். ஆட்டிசம் உள்ள பிள்ளையைச் சாலையில் கையைப் பிடித்து அழைத்துச் செல்லும் பெற்றோரும் இப்படித்தான். இவர்களுக்கு அகலம் முக்கியமில்லை. அருகில் ஓர் இடம் இருந்தால் போதும், அது வழக்கமான கட்டமாக இருந்தாலும் சரி.

இந்த மூன்றையும் ஒரே கட்டத்துக்குள் திணிக்கும்போது, மிகவும் தேவைப்படும் முதலாமவருக்கு இடம் இல்லாமல் போகிறது. பிரித்துப் பார்த்தால் தீர்வும் பிரிந்து வரும். முதலாமவருக்கு ஒதுக்கப்பட்ட அகலமான கட்டம். இரண்டாமவருக்கு இறக்கிவிடும் இடமும் குறுகிய நேரக் கட்டமும். மூன்றாமவருக்குக் கட்டணம் சரியாக அமைந்து எப்போதும் ஒன்றிரண்டு கட்டங்கள் காலியாக இருக்கும் சாலை. மூன்றாவது தீர்வு கடைக்காரருக்கும் அதே அளவு நன்மை தரும்.

கட்டம் எப்படி இருக்க வேண்டும்?

தரையில் சின்னம் வரைந்தால் மட்டும் போதாது. அனைத்துலகத் தர நிர்ணய அமைப்பின் ஐ.எஸ்.ஓ. 21542 தரம், ஏறி இறங்கும் இடத்தையும் சேர்த்து 3.9 மீட்டர் அகலமும் 5.4 மீட்டர் நீளமும் கேட்கிறது. மலேசியாவில் இதற்கான வழிகாட்டி, 2014-இல் திருத்தப்பட்ட எம்.எஸ். 1184 தரம். சாலைக்கு இணையாக நிறுத்தும் கட்டங்களுக்குப் பிரிட்டன் அரசின் வழிகாட்டி 6.6 மீட்டர் நீளத்தைப் பரிந்துரைக்கிறது. காரின் பின்கதவைத் திறந்து நாற்காலியை இறக்க அந்தக் கூடுதல் நீளம் தேவை.

எத்தனை கட்டங்கள் வேண்டும் என்பதற்கும் அளவுகோல் உண்டு. அமெரிக்க அணுகல் வாரியம் 2023-இல் வெளியிட்ட பொதுச் சாலை வழிகாட்டி, சாலையோரக் கட்டங்கள் 25 வரை இருந்தால் ஒன்று, 26 முதல் 50 வரை இரண்டு, 51 முதல் 75 வரை மூன்று, 76 முதல் 100 வரை நான்கு என்று வகுக்கிறது.

ஈப்போ நகர மையத்தில் இன்னொரு தடை இருக்கிறது. 1892-ஆம் ஆண்டுப் பெருந்தீக்குப் பிறகு பழைய நகரம் மீண்டும் கட்டப்பட்டது. பின்னர் கிந்தா ஆற்றின் மறுகரையில் புதிய நகரம் எழுந்தது. இரண்டிலும் அடிப்படை வடிவம் அஞ்சடியோடு கூடிய கடைவீட்டு வரிசைதான். மழைக்கும் வெயிலுக்கும் அஞ்சடி அருமையான ஏற்பாடு. ஆனால் சாலைக்கும் அஞ்சடிக்கும் இடையே வடிகால் ஓடுகிறது. பல இடங்களில் ஒரு படி ஏற வேண்டும். ஒரு கடையின் தரைமட்டம் அடுத்த கடையினதைவிட உயர்ந்தோ தாழ்ந்தோ இருக்கும். இடையில் மோட்டார் சைக்கிள், கடைச் சரக்கு, உணவு மேசை வேறு.

ஆகவே கட்டத்தைத் தேர்ந்தெடுக்கும்போது, காரிலிருந்து கடை வாசல் வரையிலான முழு வழியையும் பார்க்க வேண்டும். வடிகாலுக்கு மேல் உறுதியான மூடி, அஞ்சடிக்கு ஏறச் சாய்தளம், அங்கிருந்து தடையில்லாத பாதை ஆகியவை இல்லையென்றால் கட்டம் இருந்தும் பயனில்லை. சாலை முனையில் உள்ள கட்டம் பெரும்பாலும் ஏற்றது. ஒரு பக்கம் கார் நிற்காததால் அகலத்தைக் கூட்டுவது எளிது. சாய்தளத்தையும் முனையிலேயே அமைக்கலாம்.

இலவசமா, இடமா?

இடம் ஒதுக்குவதும் கட்டணத்தை விலக்குவதும் இரு வேறு உதவிகள். இவற்றைக் குழப்பியதால் சில நாடுகள் பெரிய பாடம் கற்றுக்கொண்டன.

கலிபோர்னியாவில் மாற்றுத் திறனாளி அட்டை உள்ள கார், மீட்டர் கட்டத்தில் பணம் கட்டாமல் கால வரம்பின்றி நிற்கலாம். கருணையால் வந்த சலுகைதான் இது. ஆனால் நகர மையத்தில் நாள் முழுதும் இலவசம் என்பது பெரிய ஆசையைத் தூண்டியது. அம்மாநிலக் கணக்காய்வாளர் 2017-இல் ஆராய்ந்தபோது, நூறு வயதைத் தாண்டியவர்கள் பெயரில் சுமார் 26,000 அட்டைகள் செயலில் இருந்தன. மாநிலத்தில் நூறு வயதைத் தாண்டியவர்களோ சுமார் 8,000 பேர்தான். இறந்தவர்களின் அட்டையை உறவினர்கள் பயன்படுத்துவது இதனால் தெரியவந்தது.

மிச்சிகன் மாநிலம் 1995-லேயே வேறு வழியை எடுத்தது. மீட்டரை இயக்க உடல் இடம் தராதவர்களுக்கு மட்டும் கட்டண விலக்கு என்று மாற்றியது. அதற்கு முன் சுமார் 5 இலட்சம் அட்டைகள் இலவசச் சலுகை பெற்றிருந்தன. புதிய விதியின்படி தகுதி பெற்றவர்கள் சுமார் 10,000 பேர். ஒரேகன் மாநிலத்தின் போர்ட்லாந்து நகரம் 2014 ஜூலையில், சக்கர நாற்காலி பயன்படுத்துவோர் தவிர மற்ற அட்டைதாரர்களும் கட்டணம் கட்ட வேண்டும் என்றது. மீட்டர் கட்டங்களில் அட்டை வைத்து நின்ற கார்கள் சுமார் 70 விழுக்காடு குறைந்தன.

சிகாகோ நகரின் அனுபவம் வேறு வகை. அந்நகரம் 2008-இல் தன் மீட்டர்களை 75 ஆண்டுகளுக்குத் தனியார் நிறுவனத்திடம் சுமார் 115 கோடி டாலருக்குக் குத்தகைக்கு விட்டது. மாற்றுத் திறனாளி கார்கள் இலவசமாக நிற்பதால் ஏற்படும் இழப்பு ஓர் அளவைத் தாண்டினால், நகரமே நிறுவனத்துக்கு ஈடு கட்ட வேண்டும் என்பது ஒப்பந்தம். 2014 ஜனவரியில் இல்லினாய் மாநிலம் இலவசச் சலுகையைச் சுருக்கியது. நிறுத்துமிடங்களைத் தனியாருக்கு விடும் எந்த மன்றமும் மாற்றுத் திறனாளிகளுக்கான இடத்தையும் சலுகையையும் ஒப்பந்தத்திலேயே தெளிவாக எழுதிவிட வேண்டும் என்பதை இது உணர்த்துகிறது.

அருகில் உள்ள சிங்கப்பூர் தேவையைப் பிரித்தே அனுமதி தருகிறது. தாமே காரோட்டும் மாற்றுத் திறனாளிக்கு முதல் வகை அடையாள வில்லை. மாற்றுத் திறனாளியை ஏற்றி வரும் பராமரிப்பாளருக்கு இரண்டாம் வகை. ஒதுக்கப்பட்ட கட்டத்தில் ஒரு மணி நேரம் வரை நிறுத்தலாம். பிரிட்டனில் 1971-இல் தொடங்கிய அட்டைத் திட்டம் இன்று நீல அட்டை என்று அழைக்கப்படுகிறது. இங்கிலாந்தில் மஞ்சள் கோட்டில் மூன்று மணி நேரம் வரை நிற்க அது அனுமதிக்கிறது. வந்த நேரத்தைக் காட்டும் அட்டைக் கடிகாரத்தை முன்கண்ணாடியில் வைக்க வேண்டும். வெளியே தெரியாத செயல்குறை உள்ளவர்களும் 2019 ஆகஸ்டு முதல் அதற்கு விண்ணப்பிக்கலாம்.

ஈப்போவுக்குப் பொருந்துவது எது?

கட்டண விலக்கே கூடாது என்று இந்த அனுபவங்களிலிருந்து முடிவு செய்துவிடக் கூடாது. பேராக்கில் மாற்றுத் திறனாளி உள்ள பல குடும்பங்கள் வசதி குறைந்தவை. மருத்துவமனைக்கு அடிக்கடி வருபவருக்கு ஒவ்வொரு ரிங்கிட்டும் கணக்குத்தான். ஆனால் கட்டணத்தைத் தள்ளுபடி செய்துவிட்டு, நிற்க இடமே இல்லாத நிலையை விட்டுவைத்தால் அந்தக் குடும்பத்துக்கு என்ன பயன்? இடத்தை உறுதிப்படுத்துவதே முதல் வேலை. சலுகையை அதன்பிறகு, காருக்கு அல்லாமல் ஆளுக்கு, கால வரம்போடு வழங்கினால் பிறர் அதைத் தவறாகப் பயன்படுத்துவது குறையும்.

கட்டணம் கட்டும் முறையும் கவனத்துக்குரியது. 'பார்க்@பேராக்' போன்ற கைப்பேசிச் செயலி வந்த பிறகு காரிலிருந்து இறங்காமலேயே பணம் கட்டலாம். இயந்திரம் வரை போக முடியாதவருக்கு இது உண்மையான உதவி. தோட்டத்து முதியவரிடம் அத்தகைய கைப்பேசி இல்லாமல் இருக்கலாம். பிள்ளையோ பேரனோ தங்கள் கைப்பேசியில் அவர் வரும் காரின் எண்ணைப் பதிந்து வைத்துக்கொண்டால், வீட்டிலிருந்தபடியே அவருக்காகக் கட்டணம் செலுத்திவிடலாம்.

தீபாவளிக் காலத்தில் லிட்டில் இந்தியாவும், தைப்பூசத்தின்போது குனோங் சீரோ கல்லுமலை ஆலயச் சுற்றுப்புறமும் நெரிசலில் திணறும். நிரந்தரக் கட்டத்தை அமைக்க இடமில்லாத சாலையிலும், அத்தகைய நாட்களில் கூம்புகளை வைத்து இறக்கிவிடும் இடம் ஒன்றைத் தற்காலிகமாக ஒதுக்கலாம். ஆலய நிர்வாகமும் வணிகர்களும் முன்கூட்டியே மன்றத்தோடு பேசினால் செய்யக்கூடிய காரியம் இது.

குடும்பங்கள் செய்யக்கூடியவை

முதலில் பதிவு. மாற்றுத் திறனாளி அட்டை எனப்படும் ஓ.கே.யு. அட்டையைச் சமூகநல இலாகா வழங்குகிறது. செவிப்புலன், பார்வை, பேச்சு, உடல், கற்றல், மனநலம், பல்வகை என ஏழு பிரிவுகள் உள்ளன. விண்ணப்பப் பாரத்தில் மருத்துவ அதிகாரியின் உறுதிப்பாடு வேண்டும். அடையாள அட்டை நகலையும் படத்தையும் சேர்த்து மாவட்டச் சமூகநல அலுவலகத்தில் கொடுக்கலாம். இணையம் வழியும் விண்ணப்பிக்கலாம். காலை இழந்த பிறகும், "எனக்கு எதற்கு அட்டை" என்று ஒதுங்கும் பெரியவர்கள் உண்டு. அட்டை இல்லாமல் நிறுத்துமிடச் சலுகை எதையும் கேட்க முடியாது என்பதைப் பிள்ளைகள் எடுத்துச் சொல்ல வேண்டும்.

இரண்டாவது, வில்லை. வாகன உபரிப் பொருள் கடையில் வாங்கி ஒட்டும் சக்கர நாற்காலிச் சின்னம் எந்த உரிமையையும் தராது. மாற்றுத் திறனாளி காரில் இல்லாதபோது அவருடைய கட்டத்தைப் பயன்படுத்துவதும் முறையல்ல. அப்பாவின் அட்டை அப்பாவுக்குத்தான். சந்தைக்குத் தனியே போகும் மகனுக்கு அல்ல.

மூன்றாவது, புகார். ஒதுக்கப்பட்ட கட்டத்தில் வேறு கார் நின்றால் அதன் ஓட்டுநரோடு சண்டைக்குப் போக வேண்டாம். கார் எண்ணும் தரையில் உள்ள சின்னமும் தெரியும்படி படம் எடுத்து, சாலைப் பெயர், தேதி, நேரம் ஆகியவற்றோடு மன்றத்தின் அமலாக்கப் பிரிவுக்கு அனுப்பலாம். இரட்டையாக நிறுத்தி வழியை மறிக்கும் காருக்கும் இது பொருந்தும். புகார் எண்ணைக் கேட்டு வாங்கிக்கொள்வது நல்லது. ஒரே இடத்திலிருந்து மீண்டும் மீண்டும் வரும் புகார்கள், அங்கே கண்காணிப்பு தேவை என்பதற்குச் சான்றாகும்.

நான்காவது, புதிய கட்டம் கேட்பது. "எங்களுக்கு வசதி செய்து தாருங்கள்" என்ற பொதுவான மனு கோப்பில் தூங்கிவிடும். எந்தச் சாலை, எந்தக் கடை எண்ணுக்கு எதிரே, அருகில் என்ன சேவை உள்ளது, வடிகால் மூடியும் சாய்தளமும் உள்ளனவா, மூன்று வகைத் தேவைகளில் எது என்று குறிப்பிட்டு எழுதினால் பதில் சொல்ல வேண்டிய கட்டாயம் உண்டாகும். அந்த வரிசைக் கடைக்காரர்கள் இரண்டு மூன்று பேரின் கையொப்பமும் இருந்தால் மனுவுக்கு வலு கூடும். நம் நாட்டில் மன்ற உறுப்பினர்கள் தேர்தலில் வருவதில்லை. மாநில அரசால் நியமிக்கப்படுகிறார்கள். எனவே மனுவின் நகலை வட்டார மன்ற உறுப்பினருக்கும் சட்டமன்ற உறுப்பினரின் சேவை மையத்துக்கும் அனுப்புவது பயன் தரும்.

ஆலயங்களும் சமூக இயக்கங்களும் தங்கள் வளாகத்திலிருந்தே தொடங்கலாம். மண்டப வாசலில் ஓர் அகலமான கட்டம், ஒரு சாய்தளம், திருமண நாளில் அந்தக் கட்டத்தைக் காக்க ஒரு தொண்டர். இவற்றுக்கு மன்றத்தின் அனுமதிக்காகக் காத்திருக்கத் தேவையில்லை, செலவும் பெரிதில்லை.

இன்று நடமாடும் ஒவ்வொருவருக்கும் நாளை முதுமை உண்டு. பால்மரம் வெட்டிக் குடும்பத்தைக் காத்தவர்கள், இன்று மகனின் கார் இருக்கையில் உட்கார்ந்தபடி கடை வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் இறங்குவதற்கு ஒரு கதவு திறக்கும் அகலம் வேண்டும். இருபது கட்டங்களில் ஒன்றை விட்டுக்கொடுத்தால் அது கிடைத்துவிடும்.